கார்பன் நாரில் நானோ தண்டு வளர்த்து எலெக்ட்ரான் உமிழ வைப்பது எப்படி

கார்பன் நாரின் மேல் ஜிங்க் ஆக்சைடு நானோ தண்டுகளை வளர்க்க வேண்டும். அவற்றுக்கு மெல்லிய கார்பன் பூச்சு கொடுக்க வேண்டும். அப்புறம் வெற்றிடத்தில் மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களை வெளியே இழுக்க வேண்டும். இந்த வேலையைப் பல ஆண்டுகளாக என் கையால் செய்துவருகிறேன். தண்டு வளர்ப்பது பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் நிறையக் கிடைக்கும். நாரை எப்படிக் கையாள்வது, எப்படி ஒட்டுவது, மானியில் தெரியும் மின்னோட்டம் தண்டுகளிலிருந்துதான் வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அவற்றில் இரண்டு வரியோடு முடிந்துவிடும். புதிதாக இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எலெக்ட்ரானைச் சூடு பண்ணி வெளியேற்றலாம், பழைய டிவி படக்குழாயில் நடந்தது அதுதான். சூடில்லாமல் வெளியேற்ற வேண்டுமென்றால் பரப்பின் மேல் நானோமீட்டருக்குச் சில வோல்ட் அளவுக்கு மின்புலம் வேண்டும். அவ்வளவு புலத்தில் எலெக்ட்ரானைத் தடுத்து நிற்கும் ஆற்றல் சுவர் மெலிந்துபோகிறது. எலெக்ட்ரான் அதன் மேல் ஏறித் தாண்டாமல் ஊடே துளைத்து வந்துவிடுகிறது. 1928-இல் இயற்பியலாளர்கள் ஃபௌலரும் நோர்ட்ஹைமும் இதற்கு எழுதிய சமன்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். தட்டையான தகட்டுக்கும் நேர்மின்வாய்க்கும் இடையே 200 மைக்ரோமீட்டர் இடைவெளி இருந்தால், நானோமீட்டருக்கு 5 வோல்ட் புலம் வர 10 லட்சம் வோல்ட் தேவைப்படும். ஆய்வகத்தில் அது நடக்கிற காரியமில்லை.

கூர்மை இருந்தால் கதை மாறுகிறது. 1.5 மைக்ரோமீட்டர் உயரமும் 100 நானோமீட்டர் தடிமனும் உள்ள ஒரு தண்டின் நுனியில் புலம் சுமார் 30 மடங்காகும். உயரத்தை நுனியின் ஆரத்தால் வகுத்தாலே இந்தத் தோராய எண் கிடைத்துவிடும். அந்தத் தண்டு நிற்கும் நாரும் மெல்லியதுதான். 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒற்றை இழையைச் சுற்றி 500 மைக்ரோமீட்டர் ஆரத்தில் உருளை வடிவ நேர்மின்வாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இழையின் பரப்பில் உள்ள புலம், மின்னழுத்தத்தை இடைவெளியால் வகுத்து வருவதைப்போல் சுமார் 29 மடங்கு. பெரிய மேட்டின் மேல் சின்ன மேடு நின்றால் இரண்டின் பெருக்கமும் ஒன்றோடொன்று பெருகும் என்று ஷாட்கி 1923-இல் ஊகித்தார். அப்படிப் பார்த்தால் 30-ஐ 29-ஆல் பெருக்கி 870 மடங்கு. ஒற்றை இழைக்கு இது உச்சம். கட்டாகக் கிடக்கும் இழைகள் ஒன்றையொன்று மறைப்பதால் அவ்வளவு கிடைக்காது.

இந்த 870-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாரைக் கழுவுவது

கார்பன் நார்க் கட்டு ஒன்றில் பொதுவாக 3000 இழைகள் இருக்கும். ஒவ்வொரு இழையும் சுமார் 7 மைக்ரோமீட்டர், தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நெய்வதற்கு வசதியாக உற்பத்தியின்போதே அதன் மேல் ஒரு பிசின் பூசியிருப்பார்கள், பெரும்பாலும் எபாக்சி. அது போகாமல் எதுவும் ஒட்டாது.

5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனைகளையும் டெஃப்லான் நாடாவால் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் சிக்கு விழுந்த முடி மாதிரி ஆகிவிடும். அசிட்டோனில் ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் புது அசிட்டோன் மாற்றி, ஒலியலையால் அதிர்த்துக் கழுவும் சோனிகேட்டரில் 5 நிமிடம் வைத்தால் போதும். அதற்கு மேல் வைத்தால் இழைகள் உடைய ஆரம்பிக்கும். பிறகு எத்தனாலில் ஒருமுறை, தண்ணீரில் பலமுறை அலசி, முழுவதுமாக உலர்த்துங்கள்.

அடுத்தது அடர் நைட்ரிக் அமிலம், 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம், புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள். அசிட்டோன் துளியளவுகூட நாரில் மிச்சம் இருக்கக் கூடாது. அசிட்டோனோ எத்தனாலோ நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் பொங்கித் தெறிக்கும், வெடிக்கவும் செய்யும். அதனால்தான் இரண்டு வேலைகளையும் வெவ்வேறு நாளில் வைத்துக்கொள்கிறேன். கழிவுக் குடுவைகளும் தனித்தனி. அமிலம் கார்பன் பரப்பில் ஆக்சிஜன் உள்ள தொகுதிகளை உண்டாக்கும், அவைதான் அடுத்து வரும் விதைகளை, அதாவது தண்டு முளைக்கும் ஜிங்க் ஆக்சைடு மணிகளைப் பிடித்துக்கொள்ளும். நடுநிலை ஆகும் வரை தண்ணீரில் கழுவுங்கள். வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். பழைய நார் தண்ணீரில் மிதக்கும். சரியாகச் சுத்தமான நார் தொட்டவுடன் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நேராகக் கீழே போகும்.

கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். உடைந்த இழைத் துண்டு தோலில் குத்தும், காற்றில் பறக்கும். அது மின்சாரத்தைக் கடத்துவதால் அருகில் உள்ள கருவிக்குள் விழுந்தால் குறுக்குச் சுற்று ஆகிவிடும். ஈரமாக இருக்கும்போது வெட்டினால் துண்டு பறக்காது.

விதையும் வளர்ப்பும்

50 மில்லி எத்தனாலில் 55 மில்லிகிராம் ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட்டைக் கரைத்தால் 5 மில்லிமோலார் கரைசல் வரும். நாரை அதில் 10 விநாடி முக்கி, எடுத்து, உலர விடுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு காற்றில் 350 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்கினால் அசிடேட் சிதைந்து ஜிங்க் ஆக்சைடு மணிகளாக நாரில் ஒட்டிக்கொள்ளும். சூட்டை இதற்கு மேல் ஏற்றாதீர்கள். காற்றில் கார்பனே எரியத் தொடங்கிவிடும்.

விதை நிறையப் போட்டால் நல்லது என்று தோன்றும். நெருக்கி நட்ட நாற்றைப்போல் தண்டுகள் அடர்ந்து வளர்ந்தால், பக்கத்துத் தண்டு புலத்தை மறைத்துவிடும், நுனிக்குக் கூர்மையின் பலன் கிடைக்காது. தண்டின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி இருந்தால் நல்லது என்பது 2000-ஆம் ஆண்டு வாக்கில் கார்பன் நானோ குழாய்களில் கண்டது. இந்தத் தண்ணீர் முறையில் அவ்வளவு இடைவெளி விட்ட வளர்ப்பு கிடைப்பது கடினம். ஆனாலும் விதை முக்குவதை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்ததுமே எனக்கு உமிழ்வு தொடங்கும் புலம் இறங்கியது. புதிதாகத் தொடங்கும்போது ஒரு முறை, மூன்று முறை, ஐந்து முறை முக்கிய மூன்று கட்டுகளைச் சேர்த்தே தயார் செய்யுங்கள்.

வளர்ப்புக் கரைசல்: 100 மில்லி அயனி நீக்கிய நீரில் 0.74 கிராம் ஜிங்க் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட், 0.35 கிராம் ஹெக்ஸமீன். இரண்டும் 25 மில்லிமோலார். நாரைக் கண்ணாடிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கரைசலின் நடுவே தொங்க விடுங்கள். அடியில் போட்டால் கரைசலிலேயே உருவாகும் வெள்ளைப் பொடி மேலே படிந்து தண்டுகளை மூடிவிடும். மூடியை இறுக்கி, மேலே காற்றுக்கு இடம் விட்டு, 90 டிகிரி ஓவனில் 4 மணி நேரம். ஹெக்ஸமீன் மெதுவாகச் சிதைந்து அம்மோனியாவையும் ஃபார்மால்டிஹைடையும் விடும். அம்மோனியாதான் தண்டை வளர்க்கிறது, ஃபார்மால்டிஹைடு உங்களுக்குக் கெடுதல். ஆறிய பிறகு, ஹூடுக்குள் வைத்தே திறங்கள்.

எடுத்துப் பார்த்தால் கறுப்பு நார் நீறு பூத்த கரி போல வெளிறியிருக்கும். அந்த நிறம் ஒரே சீராக இருந்தால் வளர்ப்பு நன்றாக வந்திருக்கிறது. திட்டுத் திட்டாக இருந்தால் நைட்ரிக் அமில வேலை சரியில்லை, முதலிலிருந்து தொடங்குங்கள். கடைசி அலசலை எத்தனாலில் செய்யுங்கள். தண்ணீர் உலரும்போது அதன் பரப்பு இழுவிசை பக்கத்துத் தண்டுகளின் நுனிகளைச் சேர்த்து இழுத்து, கூடாரம் போலக் குவித்துவிடும். எத்தனாலின் இழுவிசை அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

பூச்சு

ஜிங்க் ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. மின்னோட்டம் கூடும்போது தண்டுக்குள்ளேயே மின்னழுத்தம் கொஞ்சம் விழும். பரப்பில் ஆக்சிஜன் ஒட்டினால் கடத்தல் இன்னும் குறையும். கார்பன் பூச்சு நுனி வரை கடத்தும் பாதை தருகிறது. மிச்சமிருக்கும் வாயுவின் அயனிகள் வந்து மோதுவதிலிருந்து தண்டைக் காக்கிறது. தண்டின் அடியை நாரோடு சேர்த்துப் பிடித்தும் கொள்கிறது. நார் வளைய வேண்டியது என்பதால் மூன்றாவது பலன்தான் எனக்கு முக்கியம்.

100 மில்லி நீரில் 0.9 கிராம் குளுக்கோஸ் கரைத்து, நாரை அரை மணி நேரம் ஊற வைத்து, 60 டிகிரியில் நிதானமாக உலர்த்துங்கள். பிறகு ஆர்கான் ஓடும் குழாய்ச் சூளையில் நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் 500 டிகிரிக்கு ஏற்றி, 2 மணி நேரம் வைத்திருங்கள். சூளைக்குள் இருக்கும் காற்று போவதற்கு, சூடேற்றும் முன் அரை மணி நேரம் ஆர்கானை ஓட விடுங்கள். 500 டிகிரியில் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. சூடு மிகவும் கூடினால் கார்பனே ஜிங்க் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து, ஜிங்கை ஆவியாக்கிவிடும். பூச்சு சில நானோமீட்டர் இருந்தால் போதும். குளுக்கோஸைக் கூட்டினால் நுனி மழுங்கும், இத்தனை பாடுபட்டு உண்டாக்கிய கூர்மை போய்விடும். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாதிரி தயார் செய்யும் கார்பன் ஆவிப்பூச்சுக் கருவியையும் பயன்படுத்தலாம். ஆனால் அது நேர்கோட்டில் மட்டுமே பூசும், நாரின் மறுபக்கம் வெறுமையாக நிற்கும்.

ஒட்டுவதும் நிமிர்ந்த இழையும்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் வருடத்தில் எனக்கு ஓர் அபாரமான அளவீடு கிடைத்தது. மைக்ரோமீட்டருக்கு 1 வோல்ட்கூட எட்டும் முன்பே மின்னோட்டம் ஏறத் தொடங்கியது. இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் மாதிரியை வெளியே எடுத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கட்டிலிருந்து பிரிந்த ஒற்றை இழை ஒன்று முடி சிலிர்த்தது மாதிரி நிமிர்ந்து நின்றது. மின்னழுத்தம் ஏற ஏற அது நேர்மின்வாயை நோக்கி எழுந்திருக்கிறது. கணக்கில் நான் போட்ட இடைவெளி வேறு, உண்மையில் இருந்த இடைவெளி வேறு. அதோடு அந்த இழை தனித்து நின்றதால் அதைச் சுற்றிப் புலத்தை மறைக்க எதுவுமில்லை. 100 மைக்ரோமீட்டர் நிமிர்ந்த இழையின் நுனியில், தண்டுகள் இல்லாமலேயே புலம் சுமார் 30 மடங்கு. நாருக்கு அருமையான பலனைத் தரும் அதே மெல்லிய உருவம்தான் பொய்யான அளவீட்டையும் தந்தது. அன்றிலிருந்து ஒட்டும் முறையை முழுவதும் மாற்றிக்கொண்டேன்.

3000 இழைகளையும் பயன்படுத்த வேண்டாம். சுமார் 100 இழைகளைப் பிரித்து எடுத்து, வழுவழுப்பான உலோகத் தட்டில் ஒரே அடுக்காக, 10 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பரப்புங்கள். அகலம் 0.7 மில்லிமீட்டர் வரும், பரப்பளவு 0.07 சதுர சென்டிமீட்டர். இரண்டு முனைகளையும் சில்வர் பேஸ்ட்டால் ஒட்டி, வெட்டிய நுனிகள் பேஸ்ட்டுக்குள் முழுக்கப் புதையும்படி செய்யுங்கள். வெட்டிய கார்பன் நுனி தானாகவே உமிழும், அது திறந்திருந்தால் உங்கள் அளவீட்டில் கலந்துவிடும். பேஸ்ட் மேட்டின் மேல் துளையிட்ட மைக்கா ஒன்றை வைத்து, நடுப்பகுதி மட்டும் வெளியே தெரியுமாறு மூடுங்கள்.

இப்போது மின்சாரத்தாலேயே சீவ வேண்டும். காற்றிலேயே, 5 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் உலோகத் தகட்டைப் பிடித்து, 10 மெகாஓம் மின்தடை வழியாக 2000 வோல்ட் கொடுங்கள். தளர்ந்த இழைகள் எல்லாம் எழுந்து நிற்கும். எங்கே எழுந்தன என்று குறித்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தி, தகட்டை நிலத்தோடு இணைத்து மின்னூட்டம் போன பிறகே கையை உள்ளே விடுங்கள். நுண் கத்தரியால் அந்த இழையை அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள். மறுபடியும் கொடுங்கள். மூன்று முறை தொடர்ந்து எதுவும் எழாமல் இருந்தால்தான் மாதிரி வெற்றிடத்துக்குள் போகலாம். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், அந்த நேரத்தைச் செலவழியுங்கள்.

அளப்பது

நேர்மின்வாயாக, மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடி வையுங்கள். எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் பூசியது இருந்தால் இன்னும் நல்லது, எங்கிருந்து எலெக்ட்ரான் வருகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். நார் முழுவதும் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் தண்டுகள் வேலை செய்கின்றன. ஒரே ஒரு பிரகாசமான புள்ளி என்றால் நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். இடைவெளிக்கு மைக்காத் துண்டுகள், 200 மைக்ரோமீட்டர். இடைவெளியை நாரின் மேல்பரப்பிலிருந்து கணக்கிடுங்கள், தட்டிலிருந்து வேண்டாம்.

வெற்றிடம் 10⁻⁶ மில்லிபாரைவிட நன்றாக இருக்க வேண்டும், 10⁻⁷ இருந்தால் நிம்மதி. மின்சுற்றில் 10 மெகாஓம் மின்தடையைத் தொடராக வையுங்கள். எங்காவது பொறி கிளம்பினால் அது தண்டுகளைக் காப்பாற்றும். 50 மைக்ரோஆம்பியர் ஓடும்போது அந்த மின்தடையிலேயே 500 வோல்ட் விழுகிறது. அதைக் கழித்த பிறகு வருவதுதான் இடைவெளிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம். இதைக் கழிக்க மறந்தால் வரைபடம் வளைந்து பொய் சொல்லும்.

20 வோல்ட் படிகளில் ஏறி, அதே படிகளில் இறங்குங்கள். முதல் சில சுற்றுகளில் ஏறுவதும் இறங்குவதும் ஒத்துவராது. நுனிகளில் ஒட்டியிருக்கும் நீரும் வாயுவும் வெளியேறும் நேரம் அது. அழுத்தமானியைக் கவனியுங்கள். அழுத்தம் ஏறினால் அங்கேயே சற்று நின்று, இறங்கிய பின் மேலே போங்கள். ஏறுகோடும் இறங்குகோடும் ஒன்றின் மேல் ஒன்று விழும் வரை எந்த எண்ணையும் குறிக்க வேண்டாம். உமிழ்வு தொடங்கும் புலத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர் என்று எடுப்பது வழக்கம். நம் 0.07 சதுர சென்டிமீட்டருக்கு அது 0.7 மைக்ரோஆம்பியர்தான். மைக்காவின் மேல் கசியும் மின்னோட்டம் இந்த அளவை எட்டக் கூடாது. கசிவு மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் ஏறும், உமிழ்வு திடீரென்று அடுக்கு மடங்காக ஏறும்.

இரண்டு சோதனைகளைக் கைவிடாதீர்கள். ஒன்று, தண்டும் பூச்சும் இல்லாத வெறும் நாரை இதே முறையில் ஒட்டி அளப்பது. இரண்டாவது, அதே மாதிரியை 400 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அளப்பது. புலத்தை அச்சில் வைத்து வரைந்தால் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் எங்கோ ஓர் இழை நிமிர்ந்திருக்கிறது.

சரி, இப்போது எண்கள். மின்னோட்ட அடர்த்தியைப் புலத்தின் இருபடியால் வகுத்து, அதன் இயல் மடக்கையைப் புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வர வேண்டும். மேல் முனையில் வளைந்தால் தொடர் மின்தடை, கீழ் முனையில் வளைந்தால் மானியின் இரைச்சல், இரண்டையும் விட்டு நடுப்பகுதியை எடுங்கள். பரப்பு கார்பன் என்பதால் வெளியேற்று ஆற்றல், அதாவது எலெக்ட்ரான் பரப்பை விட்டு வெளியேறத் தேவையான ஆற்றல், 5 எலெக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். 5-இன் 1.5 அடுக்கு 11.18, அதை ஃபௌலர்-நோர்ட்ஹைம் சமன்பாட்டின் மாறிலியான 6830-ஆல் பெருக்கினால் சுமார் 76,400. புலம் மைக்ரோமீட்டருக்கு வோல்ட் என்ற அலகில் இருந்து, சரிவு கழித்தல் 110 என்று வந்தால், பெருக்கக் காரணி பீட்டா 76,400-ஐ 110-ஆல் வகுத்து 695. முன்பு பார்த்த 870-க்குக் கீழே இருக்கிறது. ஆனால் அந்த 870 தனித்து நிற்கும் ஒற்றை இழைக்கான உச்சம், தட்டில் அடுக்கிய இழைகளுக்கு அது மட்டும் போதாது.

அங்கேயே நிற்காதீர்கள். உமிழ்வு மைக்ரோமீட்டருக்கு 7 வோல்ட்டில் தொடங்கினால், 7-ஐ 695-ஆல் பெருக்குங்கள். நுனியில் உள்ள புலம் நானோமீட்டருக்கு 4.9 வோல்ட். இது 3 முதல் 7-க்குள் இருந்தால் இயற்பியலோடு ஒத்துப்போகிறது. 15, 20 என்று வந்தால் சரிவு பொய்யானது, பீட்டாவும் பொய்யானது. இந்தத் துறை ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபோர்ப்ஸ் 2013-இல் இந்தச் சரிபார்ப்பை முறையான சோதனையாகவே எழுதிவைத்தார். பல்லாயிரக்கணக்கில் பீட்டா வந்துவிட்டது என்று யாராவது காட்டினால், நான் முதலில் போடுவது இந்தப் பெருக்கலைத்தான்.

1000 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்யும்போது ஒரு கை எப்போதும் பின்னால் இருக்கட்டும். சில ஆயிரம் வோல்ட் எலெக்ட்ரான் மோதினால் மெல்லிய எக்ஸ் கதிரும் உண்டாகும். இந்த அளவில் எஃகு அறையும் தடித்த கண்ணாடிச் சன்னலும் அதைத் தடுத்துவிடும், ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் சன்னல் வைத்த அறையைப் பயன்படுத்தாதீர்கள்.

வளைத்துப் பார்ப்பது

வளைக்கும்போது தண்டுகள் உதிர்ந்துவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். இழையின் தடிமனை வளைவின் ஆரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் இழையின் மேல் தோலில் விழும் நீட்சி கிடைக்கும். 3 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தாலும் அது 0.12 சதவீதம்தான். கார்பன் இழை 1.5 சதவீதம் அளவுக்குத் தாங்கும், ஆகவே அது கவலைப்படுவதே இல்லை. தண்டுகள் வளைவதால் உடைவதில்லை. பக்கத்து இழையோடு உரசித்தான் உடைகின்றன. அதனால் வளைவுச் சோதனைக்குப் போகும் நாரை முறுக்கியிருக்கக் கூடாது. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கம்பியில் ஒரே அடுக்காகப் படரும்படி வளைத்து நிமிர்த்துங்கள், 100 முறை. பிறகு மறுபடியும் மின்சாரத்தால் சீவி, அதே இடைவெளியில் அளந்து, முந்தைய கோட்டோடு ஒப்பிடுங்கள்.

அளந்து முடித்த மாதிரியைத் தூக்கிப் போடாமல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். பூச்சில்லாத நாரில் இழைகள் தொட்டுக்கொண்ட இடங்களில் தண்டுகள் சாய்ந்து, அடியோடு பெயர்ந்து, நீளவாக்கில் ஒரு வழுக்கைக் கோடு தெரியும். பூசிய நாரில் அதே இடத்தில் நுனி முறிந்திருக்கும், ஆனால் அடி பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வழுக்கைக் கோட்டின் அகலத்தைப் பத்து இடங்களில் அளந்து, உமிழ்வுக் கோட்டோடு சேர்த்து நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை குளுக்கோஸ் எவ்வளவு போடலாம் என்பதை நான் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.